விளக்கு வைத்த பிறகு வந்த குப்பை வண்டி

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. பௌர்ணமி அன்று வேலூர் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டியில் இடம் பிடிக்க வேண்டுமானால் துண்டு, பை, குழந்தை இவற்றில் ஏதாவது ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே போட்டாக வேண்டும். நான் என் கைப்பையைப் போட்டேன். எங்கள் ஊர் சுகாதார ஆய்வாளர் ராஜவேலு தம் குடையைப் போட்டார். கைப்பைக்கு இடம் கிடைத்தது. குடையின் மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்துவிட்டார். அதனால் ராஜவேலு கண்ணமங்கலம் வரைக்கும் நின்றபடி வந்தார். பயணத்தின் முதல் வெற்றி எனக்கு என்று வைத்துக்கொண்டேன்.

நாங்கள் கிரிவலத்துக்குப் போகவில்லை. குப்பை பார்க்கப் போனோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொன்னபோது, அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

எங்கள் ஊர் பெயர் வேண்டாம், தலைவர் கோபித்துக்கொள்வார். வேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் ஒரு வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் என்னை நிற்கவைத்தார்கள். வாயாடி என்பதால் ஜெயித்தேன். அப்போது எங்கள் நகராட்சியில் ஒரே பேச்சு, வீட்டுக் குப்பையை என்ன செய்வது என்பதுதான். இரண்டு வழிகள் மேசைமேல் இருந்தன. ஒன்று, தெருமுனைக்குத் தெருமுனை பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி, லாரி வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டுவது. மற்றொன்று, வீட்டு வாசலுக்கே தள்ளுவண்டி அனுப்பி, சமையல் குப்பையைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் வாங்கி, ஒன்றை எருவாக்கி மற்றதைப் பழைய சாமான் கடைக்கு விற்பது.

லாரி வழியில் சொன்ன அந்த 'ஓரிடம்' என் வார்டு ஏரிக்கரை. அந்த ஏரியின் ஊற்றுதான் எங்கள் காலனிக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஓட்டுக் கேட்டுப் போனபோது, "ஏரிக்கரைக்குக் குப்பை வராது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடத்தை அளந்து எல்லைக் கற்களை நட்டுவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை மன்றக் கூட்டம். அதில் லாரிக்குக் கை தூக்கிவிட்டால் கதை முடிந்தது.

தள்ளுவண்டி வழியை ஒரு மாதம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்பதுதான் என் தலைவலி. நான் உறுப்பினராவதற்கு முன்னால் நடந்தது. காலையில் வண்டிகள் எல்லாம் கடைத்தெருவுக்குப் போய்விடும் என்பதால், வீடுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் மணி அடித்துக்கொண்டு வந்தார்கள். மணிச் சத்தம் கேட்டு ஐஸ் வண்டி என்று குழந்தைகள் ஓடிவந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. வண்டிகள் காலியாகத் திரும்பின. மறுநாள் காலையில் பார்த்தால் சாக்கடையில் வழக்கம்போலக் குப்பை. "நம்ம ஊர் பொம்பளைங்க திருந்த மாட்டாங்க" என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் விடாமல் பிடித்துக்கொண்டதால், "எங்கயாவது ஓடுதுன்னா காட்டுங்கம்மா. நம்ம ராஜவேலு சார் கூட வந்து பாக்கட்டும். அவர் சரின்னா சரி" என்றார். ராஜவேலு லாரிக் கட்சி என்பது ஊருக்கே தெரியும்.

போளூர் தாண்டிக் கலசபாக்கம் வந்ததும் ஜன்னலில் மலை தெரிந்தது. பேருந்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜவேலுவும் போட்டுக்கொண்டார். வேலூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். பௌர்ணமிக்காக ஊருக்கு வெளியிலேயே வேலூர் சாலையில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து செங்கம் சாலைக்கு ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார்.

"நாப்பதா? ஜாஸ்திங்க."

"பௌர்ணமி அன்னிக்கு இதான்மா கம்மி. ஊரே நடந்துகினு இருக்குது, நான் எந்தச் சந்துல பூந்து போறதுன்னு எனக்கே தெரில. நீங்க சுத்த வந்தவங்கதானே, நடந்தே போலாமே?"

"குப்பை பார்க்க வந்திருக்கோம்."

அவர் திரும்பி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது குடுங்க" என்றார். பரிதாபத்துக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

பிற்பகல் மூன்று மணி. செங்கம் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் என் நாத்தனார் கௌரியின் வீடு. கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் சித்தப்பா மகள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அவள் தலைமையில் இருக்கும் மகளிர் குழுதான் அந்தத் தெருவுக்கு ஒரு மூன்றுசக்கர வண்டி வாங்கிக் குப்பை எடுக்கிறது. 'எங்க தெருவுல ஓடுது அண்ணி, வந்து பாருங்க' என்று அவள் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் மன்றத்தில் மார்தட்டியிருந்தேன்.

தெரு சுத்தமாகத்தான் இருந்தது. வாசலுக்கு வாசல் ஒரு வாளியும், சுவரில் மாட்டிய ஒரு சாக்கும் இருந்தன. வாளி சமையல் குப்பைக்கு, சாக்கு மற்றதற்கு. தெருக்கோடியில் அன்னதானப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "தையல் இலைன்னா போடுங்க, பிளாஸ்டிக் தட்டுன்னா வேற தெரு பாருங்கன்னு சொல்லிட்டோம்" என்றாள் கௌரி. எனக்கு அப்போதே பாதி ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. ராஜவேலு காபியைக் குடித்து முடித்தார். "தெரு நல்லாத்தான் இருக்குது. ஆனா வண்டி ஓடறத நான் கண்ணால பாக்கணும். இப்ப ஒரு ரவுண்டு வரச் சொல்லுங்க, பாத்துட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போய்டுவோம்" என்றார்.

"இப்பவா? இன்னும் சித்த நேரத்துல விளக்கு வெச்சுடுவாங்களே சார்" என்றாள் கௌரி. "காலைல பாருங்க. தங்குங்க, இடமா இல்ல?"

"ஏம்மா, ஓடற வண்டின்னா எப்ப விட்டாலும் ஓடணும். நேரம் பாத்து ஓடறதுக்கு இது என்ன கல்யாணமா?"

கௌரிக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கே அது கொஞ்சம் அதிகம். "சரி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் ஏழுமலைக்கு ஆள் அனுப்பினாள்.

மாலை ஆறேகால் மணி. ஏழுமலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். "இன்னாக்கா இந்நேரத்துல? எவன் குடுப்பான்?" என்றார். கௌரி தெருவைக் காட்டினாள். அவர் விசிலை ஊதிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம்.

ஒரு கதவும் திறக்கவில்லை.

திறந்திருந்த கதவுகள்கூடச் சாத்திக்கொண்டன. செங்கம் சாலையில் ஜனம் வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. கௌரியின் தெருவில் விசில் சத்தமும் வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தமும் மட்டும்தான். ஒரு வீட்டு மாடியிலிருந்து, "யாருப்பா அது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?" என்று ஒரு குரல் கேட்டது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். வண்டியில் விழுந்தது ஒரே ஒரு வாழைப்பழத் தோல். அதுவும் வழியில் போன ஒரு யாத்ரீகர் போட்டது.

ராஜவேலுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவருடைய மகன் பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தால்கூட அவ்வளவு மலர்ந்திருக்காது. "பாத்தீங்களா மேடம்? அங்க நடந்ததுதான் இங்கயும். ஊரு வேற, ஜனம் ஒண்ணுதான். லாரிதான் இதுக்கு வழி" என்றார். புதன்கிழமைக் கூட்டமும், நட்டுவைத்த கற்களும், காலனிக் கிணறுகளும் வரிசையாகக் கண்முன் வந்தன. கௌரியின்மேல் கோபம்கூட வந்தது. அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி மல்லிகைப் பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தோற்றுப்போனாலும் எதனால் தோற்றோம் என்று தெரியாமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வராது. பக்கத்து வீட்டு நிலைக்கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். விளக்கு மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. நிலைப்படிக்கு உள்பக்கம், சரியாக ஒரு சாண் தள்ளி, பகலில் வாசலில் இருந்த வாளி மூடி போட்டு, நிறைந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சாக்கு, வாய் கட்டித் தயாராக. அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாளி ரெடியா இருக்கேம்மா. வண்டி வந்ததே, குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "விளக்கு வெச்சுட்டேனேக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல.

நான் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டில் குப்பையை வெளியே போடுவார்கள்? வீட்டைக்கூடப் பெருக்க மாட்டோமே. பெருக்கினாலும் மூலையில் ஒதுக்கி வைப்போமே தவிர, வாசல் தாண்ட விடமாட்டோம். லட்சுமி அந்தக் குப்பையோடு வெளியே போய்விடுவாள் என்று சொல்லி வளர்த்தார்கள். நம்புகிறோமோ இல்லையோ, கை வராது. எங்கள் ஊரில் மணி அடித்துக்கொண்டு வண்டி வந்த அந்த மாதம் முழுவதும் நானும்தான் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஏன் சாத்தினேன் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூச்சு விடுவதற்குக் காரணம் சொல்வோமா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன், அதுவும் எண்பது கிலோமீட்டர்.

வீட்டுக்குள் வந்ததும் கௌரியைப் பிடித்துக்கொண்டேன். "இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"எதை அண்ணி? விளக்கு வெச்சுடுவாங்கன்னு சொன்னேனே." அவளுக்கு என் ஆச்சரியம்தான் ஆச்சரியமாக இருந்தது. "நாங்களும் மொதல்ல சாயங்காலந்தான் விட்டோம். தெருவே என்மேல சண்டைக்கு வந்துச்சு. விளக்கு வெக்கற நேரத்துல குப்பை வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறியே, நீயும் ஒரு பொம்பளையானு கேட்டாங்க. அப்புறந்தான் காலைக்கு மாத்தினோம்."

ராஜவேலுவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "அதெல்லாம் சாக்கு மேடம். காலைல மட்டும் வந்து கொட்டிடுவாங்களா?" என்றார். ஆனால் ராத்திரிப் பேருந்துக்கும் போகவில்லை. கௌரி அடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை என் வாதத்தைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது.

சனிக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. மலையின் உச்சி மட்டும் தெரிந்தது. சுற்றி முடித்தவர்கள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர்கள் எச்சில் இலைகளை ஒரு பக்கமாகக் குவித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தார்கள். அதே தெரு, அதே வண்டி, அதே ஏழுமலை. விசில் ஒரு தடவைதான் ஊதினார்.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தெருவே அந்நேரம் வாசலில்தான் இருந்தது. ஒரு கையில் துடைப்பம், மறு கையில் வாளி. உள்ளே பெருக்கி, வாசல் பெருக்கி, சேர்ந்ததை வண்டியில் கொட்டி, வாளியைக் கழுவி, நல்ல தண்ணீரால் வாசல் தெளித்து, கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்தார்கள். யாரும் வண்டிக்காக எழுந்து வரவில்லை. அவர்கள் எப்படியும் வாசலில் நிற்கும் நேரத்துக்கு வண்டி வந்தது, அவ்வளவுதான். நேற்று மாலை கேட்ட கேள்விக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த பெண், வாளியை வண்டியில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஏழுமலையின் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. "கோலம் போட்டுட்டா போச்சும்மா. சக்கரம் பட்டுச்சுனா என்னைக் கொன்னே போட்ருவாங்க" என்றார். கோலம் தெருவின் அந்த முனையை எட்டுவதற்குள் அவர் இந்த முனையிலிருந்து போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தினமும் ஒரு ஓட்டப்பந்தயம்தான். அன்று அவர் ஜெயித்தார். கடைசி வீட்டில் முதல் புள்ளி விழுவதற்கும் வண்டி நகர்வதற்கும் சரியாக இருந்தது.

ராஜவேலு ஒவ்வொரு வாளியிலும் குடை நுனியை விட்டுக் கிளறிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாளியில் கேரி பேக் கிடக்கும், பிடித்துவிடலாம் என்று எதிர்பார்த்தார். ஒரு வாளியில் கிடந்தது. அந்த வீட்டுக்காரி அவரைவிட முந்திக்கொண்டு அதை எடுத்துச் சாக்கில் போட்டாள். "எங்க மாமா வேலை" என்று கணவரைக் காட்டிக்கொடுத்தாள். தெரு சிரித்தது. பந்தலின் இலைக் குவியலையும் அள்ளி ஏற்றியபோது, பௌர்ணமிக்கு அன்னதானம் நடந்த தெரு என்று யாரும் சொல்ல முடியாது. வாசலுக்கு வாசல் கோலம்.

திரும்பி நடக்கும்போது ராஜவேலு குடை நுனியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கௌரி வீட்டு வாசலை நெருங்கியதும் நின்றார்.

"மேடம், நம்ம ஊர்ல வண்டி விட்டப்ப, எங்க வீட்டம்மாவே குடுக்கல. ஆய்வாளர் வீட்லயே குடுக்கலன்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. சோம்பேறித்தனம்னு நானும் ரெண்டு நாள் சண்ட போட்டேன்." குடையைத் தரையில் தட்டினார். "காரணத்த அவளும் சொல்லல. நானும் கேக்கல."

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். வெற்றி கைக்கு வரும் நேரத்தில் வாயை விடக்கூடாது என்பது அரசியலில் நான் கற்ற ஒரே பாடம்.

காலை எட்டு மணி. சாக்குகளில் இருந்தது பழைய சாமான் கடைக்குப் போனது. அதில் வரும் காசு ஏழுமலைக்கு. சமையல் குப்பையும் இலைகளும் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போகும். அந்த ஊர் விவசாயி பெருமாள், காலையில் டிராக்டரில் காய்கறி கொண்டுவந்து மார்க்கெட்டில் இறக்கிவிட்டுப் போகும்போது இதை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ராஜவேலுவுக்கு எருக்குழியையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதனால் ஒரு நகராட்சி உறுப்பினரும் ஒரு சுகாதார ஆய்வாளரும் குப்பை டிராக்டரில், ஓட்டுநர் இருக்கைக்கு இரு பக்கமும் சக்கர மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டு கிரிவலப் பாதையில் புறப்பட்டோம். பாதை முழுச் சுற்று பதினான்கு கிலோமீட்டர். இன்னும் நடந்துகொண்டிருந்த பக்தர்கள் வழிவிட்டு, மூக்கையும் பொத்திக்கொண்டார்கள். ராஜவேலு அவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

எருக்குழி ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில், ஆள் நெஞ்சளவு ஆழம். ஒரு பக்கம் புதியது. மறுபக்கம் மக்கி, கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. பெருமாள் ஒரு கை அள்ளி ராஜவேலுவிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். நாத்தம் வருதா?"

"வரலியே."

"மொதல்ல வந்துகினுதான் இருந்துச்சு. எல்லாத்தயும் ஒண்ணா கலந்து குடுப்பாங்க. பிளேடு, ஊசி, கவரு. மாடு தின்னுட்டா யார் பதில் சொல்றது? வாணாம்னு சொல்லிட்டேன். பிரிச்சுத் தர்றதா இருந்தா எடுத்துக்கறேன்னேன். இப்ப அந்தக்கா பிரிச்சுத் தருது, நான் கத்திரி வெக்கறேன்." அவர் கத்திரித் தோட்டத்தைக் கைகாட்டினார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு பை கத்திரிக்காயும் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்க ஊர்லயும் ஆரம்பிச்சீங்கன்னா சொல்லி அனுப்புங்க, வந்து பாக்கறேன்" என்றார். அடி அண்ணாமலையிலிருந்து பாதை வேலூர் சாலைக்கே வந்து சேர்கிறது. அங்கே நடந்தே வந்து சேர்ந்ததில் முக்கால் சுற்று ஆயிற்று, மீதியை விட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டோம். ராஜவேலு மலையைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை நானும் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை, மன்றக் கூட்டம். பயணக் கட்டுரை ஊர் திரும்பியதோடு முடிந்துவிட வேண்டும் என்பார்கள். என் பயணம் இங்கேதான் முடிந்தது, அதனால் சொல்லியாக வேண்டும்.

"என்னம்மா, திருவண்ணாமலை எப்படி? பொம்பளைங்க அங்கயாவது குடுக்கறாங்களா?" என்று தலைவர் சிரித்தபடி ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்ல குப்பையை எந்த நேரத்துல வெளிய எடுப்பாங்க?"

தலைவர் யோசித்தார். பக்கத்தில் இருந்த துணைத்தலைவரைப் பார்த்தார். அவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். ஊர்க் குப்பைக்குத் திட்டம் போட்ட அத்தனை பேரில், தம் வீட்டுக் குப்பை எப்போது வாசல் தாண்டுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் பக்கத்து இருக்கைகளில் இருந்த பெண் உறுப்பினர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராஜவேலு எழுந்துவிட்டார்.

லாரிக்காகப் பேசப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் வெள்ளிக்கிழமை மாலையையும் சனிக்கிழமை காலையையும் ஒன்றும் விடாமல் சொன்னார். "ஜனங்க மேல தப்பு இல்ல ஐயா. நாம விளக்கு வெச்ச பிறகு போய்க் கதவத் தட்டினோம். காலைல அஞ்சரைக்கு வீடுங்களுக்குப் போவோம். கடைங்க திறக்கறதுக்கு எட்டு ஒன்பது ஆவுதே, அதே வண்டிங்கள அப்புறம் கடைத்தெருவுக்கு விடலாம். லாரி வாணாம். ஏரிக்கரையும் வாணாம்" என்றார்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மொதல்ல என் தெருவுல விட்டுப் பாருங்க. அங்க ஓடுச்சுன்னா ஊர் பூரா விடலாம். அதுவரைக்கும் லாரிப் பேச்சை எடுக்க வேணாம்" என்றார். கைகள் உயர்ந்தன. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

அடுத்த திங்கள்கிழமை காலை ஐந்தரைக்குத் தலைவர் தெருவில் நானும் ராஜவேலுவும் நின்றிருந்தோம். விசில் ஊதியதும் முதலில் திறந்தது தலைவர் வீட்டுக் கதவுதான். அவர் மனைவி ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் வாளியுமாகப் படியிறங்கி வந்தார். இரண்டாம் நடையில் சாக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். "போன தடவை சாயங்காலத்துல வந்தீங்களே, எந்தப் புத்திசாலி யோசனை அது?" என்று கேட்டார். ராஜவேலு என்னைப் பார்த்தார், நான் துடைப்பத்தைப் பார்த்தேன். உள்ளேயிருந்து தலைவரின் குறட்டைச் சத்தம் தெருவரை கேட்டுக்கொண்டிருந்தது.

திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சுற்றிவர ஒரு மலை இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஏரிதான் இருக்கிறது. இப்போது வண்டி ஊர் முழுவதும் வருகிறது. தினமும் அது எங்கள் காலனியைத் தாண்டிப் போனதும் நான் ஏரிக்கரைமேல் நடந்துவிட்டு வருகிறேன். தண்ணீர் தளும்பி நிற்கிறது, கிணறுகளும் நிறைந்திருக்கின்றன. குப்பை மேட்டுக்காக நட்ட எல்லைக் கற்களை யாரும் வந்து பிடுங்கவில்லை. அவற்றில் இப்போது எருமை கட்டுகிறார்கள்.